நாத்தனாருக்கு மட்டும் மாட்டாத பாட்டில்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் புற்றுநோய் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவளை எல்லோரும் கடுகு சிஸ்டர் என்றார்கள். ஆள் குள்ளம் என்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது, கடுகு காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் போடுகிற சத்தத்துக்காக வைத்த பெயர். இருபத்தாறு வருஷ வேலையில் அவள் வெடிக்காத நாட்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, தொண்டை கட்டிப் பேச்சே வராமல் போன நாள். அன்றும் சைகையில் நாலு பேரை அழவைத்தாள் என்பார்கள். இன்னொன்று, அவள் மாமியார் செத்த நாள்.

பகை தொடங்கியது அந்த நாளில்தான். மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. விடிந்ததிலிருந்து வாந்தியும் நெஞ்சடைப்பும். டாக்டர் போனில் சொன்னபடி கடுகு சிஸ்டர் வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டாள். அரை மணி நேரத்தில் கிழவி போய்விட்டாள். போகிற உயிர் ஊசியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டா போகும்? ஆனால் கணவரின் தங்கை, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையல்காரி, வந்திருந்த அத்தனை பேர் நடுவிலும், "ஊசி போட்டே அனுப்பி வச்சுட்டா" என்று ஒப்பாரியோடு ஒப்பாரியாகச் சேர்த்து அழுதாள். கடுகு சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே ஓர் அடிதடியோடு தீர்ந்திருக்கும். திறக்காததால் பதினொரு வருஷம் ஓடியது.

இருவர் குடியிருப்பும் ஒரே கட்டடம். கடுகு மேலே, தையல்காரி கீழே. நடுவில் ஒரே மாடிப்படி. ஒருத்தியின் செருப்புச் சத்தம் கேட்டால் மற்றவள் கால் வைக்கமாட்டாள். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்த பூனை ஒன்று இருந்தது. கீழே மீன் தின்றால் மீசையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மெலிந்தும் காட்டிவிட்டுத்தான் மேலே போகும். பூனைக்கு இருந்த சாமர்த்தியம் கடுகின் கணவருக்கு இல்லை. பஸ் டிப்போவில் டயர் பார்க்கிற மனிதர். நாளெல்லாம் அடைத்த காற்றெல்லாம் வீட்டுக்கு வந்ததும் இறங்கிவிடும். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. இவருக்கு மாடி, தரை, படிக்கட்டு என்று மூன்று.

இனி ஒரு புத்தகத்தின் கதை.

ஏழை நாடுகளில் ரத்தப் புற்றுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று உலகத்து டாக்டர்கள் சிலர் கூடி உட்கார்ந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார்கள். மூளையுள்ளவர்கள் எழுதியது. பணக்கார நாட்டில் ஏற்றுகிற அதே வேகத்தில் எல்லா இடத்திலும் மருந்தை ஏற்றாதே என்பதுதான் அதன் சாரம். அந்த மருந்து கெட்ட அணுவோடு நல்ல அணுவையும் துடைத்துப் போட்டுவிடும். பிறகு இரண்டு மூன்று வாரம் உடம்பில் காவலே இருக்காது. ஒரு தும்மல் போதும், ஆள் காலி. அந்த வாரங்களைத் தாண்டத் தனி அறை வேண்டும், ரத்தக் கசிவை நிறுத்தத் தட்டணுக்கள் வேண்டும், எந்நேரமும் திறந்திருக்கிற சோதனைக்கூடம் வேண்டும். இவையெல்லாம் இல்லாத இடத்தில் மருந்தைக் குறை, நாளைக் கூட்டு, உடம்பு தாங்கத் தாங்க ஏற்று. இதற்காக ஆஸ்பத்திரிகளை, ஒன்றுமில்லாதது முதல் படி, எல்லாம் உள்ளது நான்காம் படி என்று நான்காகப் பிரித்திருந்தார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார், எந்தப் படியில் நிற்கிறாய் என்று ஒப்புக்கொள், அந்தப் பக்கத்தைத் திற. அவ்வளவுதான்.

ஒப்புக்கொள்வதில்தான் வந்தது வினை. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் புத்தகத்தோடு வந்த படிவத்தைக் கையில் வாங்கியதும் முதல் படி என்ற சொல்லைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "நாம என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றார். ஸ்டோர் கிளார்க்கைக் கூப்பிட்டுப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. பதிவேட்டில் வரி இருந்தால் பொருள் இருக்கிறது, வரி இல்லையென்றால் உன் கண் முன்னால் நின்றாலும் இல்லை. தனி அறை உண்டா? உண்டு, நாற்பத்தோராம் பக்கம். அதில் உடைந்த நாற்காலிகள் கூரை முட்டக் கிடந்தது வேறு பக்கத்து விஷயம். தட்டணு பிரிக்கிற இயந்திரம்? உண்டு. தானமாக வந்த இயந்திரம். அதன் பிளக் நுழைகிற ஓட்டை அந்தச் சுவர்களில் எங்கும் இல்லாததால், போர்வை போர்த்தி, மூன்று கண்காணிப்பாளர்களை ஓய்வுபெற அனுப்பிவைத்துவிட்டு நாலாமவருக்காகக் காத்திருந்தது. எந்நேரமும் சோதனைக்கூடம்? போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

கண்காணிப்பாளர் மூன்றாம் படிக்கு நேராக டிக் போட்டார். நான்கைப் போடாதது அவருடைய அடக்கம். வார்டு வாசலில் "மூன்றாம் படி சிகிச்சை மையம்" என்று பலகை ஏறியது. ரிப்பன் வெட்டினார்கள்.

கடுகு சிஸ்டர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பழைய மெதுவான முறையில் கொடுத்த வருஷம் முப்பது பேர் வந்தார்கள், முதல் மாதத்துக்குள் நாலு பேர் போனார்கள். பலகை ஏறிய வருஷம் முப்பத்தொரு பேர், பதினொரு பேர் போனார்கள். பதினொன்றில் ஒன்பது பேரைக் கொண்டுபோனது புற்று அல்ல. காய்ச்சலும் ரத்தக் கசிவும். மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. நர்ஸின் வேலை பாட்டிலை மாட்டுவது, எண்ணுவது அல்ல. எண்ணுவதை அவள் விடவில்லை. மாட்டுவதையும் விடவில்லை. இதைச் சொல்லாமல் அவளை உத்தமி ஆக்கினால் கதை பொய்யாகிவிடும்.

இப்படியிருக்கும்போது கீழ்வீட்டில் தையல் மிஷின் சத்தம் நின்றது. ஈறில் ரத்தம், தொடையில் நீலத் திட்டுகள், மாடிப்படியின் இரண்டாவது படியிலேயே மூச்சிரைப்பு. தையல்காரிக்கு ரத்தப் புற்று, அதிலும் சடசடவென்று ஏறுகிற வகை. ஊரில் அதற்கு ஒரே வார்டு. அந்த வார்டுக்கு ஒரே தலைமை நர்ஸ். டயர்க்காரர் மனைவியின் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திருமணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் செய்த மிக நீண்ட சொற்பொழிவு அது.

எட்டாம் எண் படுக்கை. முதல் ஏழு நாள் வெறும் மாத்திரைதான், எல்லோருக்கும் அப்படித்தான். அந்த ஏழு நாளும் நாத்தனாரும் அண்ணியும் மூன்றாம் ஆள் வழியாகவே பேசினார்கள். "அந்தம்மாவை மாத்திரையை அட்டையோட குடுக்கச் சொல்லுங்க, பிரிச்சுக் குடுத்தா முழுங்கமாட்டேன்" என்று தையல்காரி பெருக்குகிறவளிடம் சொல்வாள். இந்தப் பக்கத்திலிருந்து, விஷம் வைக்கிறவள் அட்டைக்குள்ளும் வைப்பாள் என்று பெருக்குகிறவள் வழியாகவே பதில் போகும். பெருக்குகிறவளுக்கு அந்த வாரம் தரையில் குப்பையே தெரியவில்லை.

ஏழாம் படுக்கையில் பள்ளி வாசலில் பழம் விற்கிறவள் இருந்தாள். அவளுக்கு அந்தத் திங்களன்று சிவப்பு மருந்து ஏறியது. எலும்புக்குள் புகுந்து பெருக்கித் தள்ளுகிற மருந்து. பார்க்கவே பலமான நிறம். மாட்டியது கடுகு சிஸ்டர்தான். அடுத்த நாள் தையல்காரியின் முறை. மூன்றாம் படிப் பக்கத்தைப் பார்த்து அதே மருந்து, அதே அளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள் பாப்பா டாக்டர். வயசு அப்படி, பெயர் அப்படி. புத்திசாலிப் பெண், ஆனால் கண்காணிப்பாளரின் இருமல் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள்.

கடுகு சிஸ்டர் சீட்டைப் படித்தாள். மருந்து அலமாரியைப் பூட்டினாள். சாவியைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சிஸ்டர், எட்டுக்கு இன்னும் மாட்டலையே?" என்றாள் பாப்பா டாக்டர்.

"மாட்டமாட்டேன்."

"நம்ம சென்டர் மூணாம் படி, சிஸ்டர். வாசல்ல போர்டே இருக்கு."

"அப்ப போர்டுக்கு மாட்டுங்க, டாக்டர். ஆணி இருக்கு, வசதியா தொங்கும்."

முதல் படிப் பக்கத்தில் இருக்கிறபடி பாதி அளவு, அதுவும் இரண்டு வாரம் உடம்பு தேறிய பிறகு, அதுவரை மாத்திரையும் வாரம் ஒரு வெள்ளை ஊசியும் என்று எழுதித் தந்தால் இந்த நிமிஷமே செய்வதாகச் சொன்னாள். பாப்பா டாக்டருக்கு அது நியாயமென்று தெரியும். தெரிந்ததால்தான் கண்ணைப் பார்க்காமல் போனாள்.

எட்டாம் படுக்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்குச் சிவப்பு, தனக்கு வெள்ளையா? மற்றவளுக்கு முழுசு, தனக்குப் பாதியா? சீருடை அளவெடுக்கிற தாளின் பின்புறத்திலேயே புகார் எழுதினாள். கொலை முயற்சி என்று தலைப்பு. எழுத்து குண்டு குண்டாக, பிசிறில்லாமல், காஜா எடுத்த மாதிரி இருந்தது.

விசாரணை மதியம் ஒன்றரைக்கு, கண்காணிப்பாளர் அறையில். அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மனு மேல் மனுவாகக் கொடுத்து உயிரை வாங்குகிறவள் தானே வந்து வலையில் விழுந்திருக்கிறாள். தையல்காரியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு அவள் அண்ணன்காரர் கதவோரம் ஒண்டினார். வீட்டுச் சண்டையை வார்டுக்குள் கொண்டுவருவது ஒரு தலைமை நர்ஸுக்கு அழகா என்று கண்காணிப்பாளர் இனிப்பாக ஆரம்பித்தார்.

தையல்காரி அவரை முடிக்க விடவில்லை. "எங்கம்மாவை ஊசி போட்டுக் கொன்னா. என்னைப் போடாம கொல்லப் பாக்குறா. அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

கடுகு சிஸ்டர் நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். முப்பத்தொன்று, பதினொன்று, ஒன்பது என்று விரல் வைத்துக் காட்டினாள். கண்காணிப்பாளர் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தவள் தையல்காரிதான். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் கேட்டாள்.

"நேத்து ஏழாம் படுக்கைக்கு நீதானே மாட்டின?"

"நான்தான்."

"இந்தக் கணக்கெல்லாம் தெரிஞ்சுதானே மாட்டின? அப்ப அது கொலை இல்லையா?"

"அதுவும்தான்" என்றாள் கடுகு சிஸ்டர். "மனு எழுதினேன். எழுதிட்டு, போய் மாட்டினேன். ஒம்பது பேருக்கும் நான்தான் மாட்டினேன்."

"எங்கிட்ட வந்ததும்தான் ஞானம் பொறந்துச்சாக்கும்."

"ஆமா. நீ செத்தா, நான்தான் கொன்னேன்னு இன்னொரு பதினோரு வருஷம் யாரு கேட்டுக்கிட்டு இருக்கறது? ரெண்டு மீட்டர் துணியில மூணு மீட்டர் சட்டை வெட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"என்னைத் துணிங்கறியா நீ?"

உவமானம் எடுபடவில்லை. படித்தவர்கள் சொல்கிற உவமானம் பாதி நேரம் இப்படித்தான் காலைவாரும். கடுகு சிஸ்டர் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள், திருப்பினாள், தள்ளினாள். "எங்க தள்ளிக்கிட்டுப் போற, ஏய்" என்று தையல்காரி கத்தினாள். கண்காணிப்பாளர் எழுந்தார். டயர்க்காரர் பாதையை விட்டு விலகினார். வாழ்நாளில் அவர் எடுத்த ஒரே தெளிவான முடிவு.

அந்த நாற்காலி போன வேகத்தில் வராந்தாவில் நின்ற ஒரு நோயாளிக்கு நடக்கவே முடியாத கால் நடந்துவிட்டது என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். முதலில் தனி அறை. பூட்டு. கண்ணாடி வழியாகத் தையல்காரி பார்த்தாள். கால் ஒடிந்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே ஒரு சிலந்தி குடும்பத்தோடு. அடுத்து இயந்திரம். போர்வையைத் தையல்காரியே விலக்கினாள். பிளக்கைக் கையில் எடுத்து, சுவரைப் பார்த்து, மறுபடி பிளக்கைப் பார்த்தாள். முப்பது வருஷம் மிஷின் ஓட்டியவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசியாகச் சோதனைக்கூடம். மணி இரண்டு பத்து. பூட்டு. எந்நேரமும் சேவை என்று கதவில் எழுதியிருந்தது. தையல்காரி குனிந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். நல்ல பூட்டு. அந்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான்.

வழியெல்லாம் கடுகு சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் தையல்காரி கண்காணிப்பாளரைப் பார்த்தாள். கடைக்காரன் அளவைக் குறைத்து வெட்டிவிட்டான் என்று கண்டுபிடித்த நேரத்தில் அவள் பார்க்கிற பார்வை அது. கீழ்வீதி முழுக்க அதற்குப் பயம்.

"இவளை நான் நம்பல. இவளை நம்பறதுக்கு நான் இன்னொரு பிறவி எடுத்து வரணும். பூட்டை நம்பறேன்."

எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, ஏற்பாடுகள் நடக்கின்றன என்றார் கண்காணிப்பாளர்.

"நாற்காலிங்களுக்குக் காய்ச்சல் வந்தா அந்த ரூம்ல படுக்க வைக்கவா சார் ஏற்பாடு?"

அதற்குப் பிறகு அவள் பேசியதையெல்லாம் எழுத முடியாது, தாள் தாங்காது. சுருக்கம் இதுதான். ஆறு பள்ளிக்கூடத்துச் சீருடை அவளிடம்தான் தைக்க வருகிறது. பள்ளி திறக்கிற மாசம் வந்தால் ஆயிரம் அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தோள் அளவு, கை அளவு, இடுப்பு அளவு என்று மூன்று அளவெடுக்கிற நேரம் அவளுக்குப் பேசக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பிளக்கைப் பற்றியும் சிலந்தியைப் பற்றியும் சொல்லி முடித்துவிடலாம். அவள் உயிரோடு இல்லாவிட்டால் அவள் மிஷின் வந்து சொல்லும்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். இந்த ஒரு நோயாளிக்கு மட்டும், நோயாளியின் சொந்த விருப்பத்தின்பேரில், முதல் படிச் சிகிச்சை என்று எழுதினார். மற்றவர்களுக்கும் அப்படியே எழுதுங்கள் என்றாள் கடுகு சிஸ்டர். முடியாது என்றார். பலகை பலகைதான் என்றார். கொலை முயற்சிப் புகாரைத் தையல்காரி திரும்பப் பெறுகிறாளா என்று கேட்டார். "அது கிடக்கட்டும். எப்பவாவது உதவும்" என்றாள் அவள்.

அன்று முதல் அவளுக்கு மாத்திரையும் வாரம் ஒரு வெள்ளை ஊசியும், இரண்டு வாரம் கழித்துச் சிவப்பில் பாதியும். போடுகிறவள் கடுகு. ஊசி நுழையும்போதெல்லாம் தையல்காரி அவளுடைய மூன்று தலைமுறையையும் எண்ணித் திட்டுவாள். நரம்பு கிடைக்கிறவரை திட்டு, அதற்குப் பிறகு பேசாதே, கை ஆடுகிறது என்பாள் கடுகு.

விசாரணை முடிந்த பதினோராம் நாள் ஏழாம் படுக்கை காலியானது. முந்தின நாள் மதியம் பழக்காரிக்குக் காய்ச்சல் ஏறியது. ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடியபோது சோதனைக்கூடத்தில் பூட்டு. மூக்கில் கசிவு நிற்கவில்லை. விடியற்காலம் போய்விட்டாள். கடுகு சிஸ்டர் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது எட்டாம் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"அவளுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

"நோட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எழுது, எழுது. எழுதறதுக்கு உன்னை மாதிரி ஆள் கிடைக்காது."

கடுகு சிஸ்டர் விரிப்பை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மத்தியானம் ஏழாம் படுக்கைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். பாப்பா டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் தையல்காரி எழுந்து உட்கார்ந்து, சக்கர நாற்காலியில் தான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சிலந்தியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள். சூளைக்காரி படிவத்தைத் தொடவில்லை. பாப்பா டாக்டர் படிவத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, சீட்டில் முதல் படி என்று எழுதினாள். கண்காணிப்பாளர் கேட்டால் நோயாளி விருப்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று வராந்தாவில் இருமல் கேட்டது. அவள் எழுந்து நிற்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

பத்தொன்பதாம் நாள் தையல்காரிக்கே காய்ச்சல். அணுக்கள் குறைந்திருந்தன, துடைத்துப் போகவில்லை. கைவசம் இருந்த இரண்டே கிருமிக்கொல்லி மருந்தில் ஐந்து நாளில் அடங்கியது. உளறலின் நடுவே ஒரு தரம் "அண்ணி, தண்ணி" என்றாள். கடுகு சிஸ்டர் தண்ணீரைக் கொடுத்தாள். முதல் சொல்லைக் காய்ச்சல் கணக்கில் எழுதிவிட்டாள்.

முப்பத்துமூன்றாம் நாள் எலும்பு மஜ்ஜையில் ஊசி இறக்கிச் சோதனைக்கு எடுத்தார்கள். காலையிலேயே எடுத்தார்கள், பூட்டுக்கு முன்னால். முடிவு வந்தபோது டயர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாப்பா டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள். கெட்ட அணு கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. இது முடிவு அல்ல, இன்னும் இரண்டரை வருஷம் மருந்து இருக்கிறது, திரும்பி வரவும் வரலாம். ஆனால் முதல் மாதம் தாண்டியாயிற்று.

தையல்காரி அடுத்த ஊசிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்த கடுகு சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசமும் நீதான் போடுவியா?"

"நான்தான்."

"ரெண்டரை வருஷமும்?"

"ரெண்டரை வருஷமும்."

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில வேற ஆளே இல்லையா?"

"இல்ல" என்றாள் கடுகு சிஸ்டர். "கையை நீட்டு."